எஞ்சின் ஏன் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் போனது?

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால், ஸ்ரீபெரும்புதூர் வருவதற்கு முன்பே இருங்காட்டுக்கோட்டை வந்துவிடும். ஹூண்டாய் ஆலை அங்கேதான் 1998 முதல் கார் தயாரித்துவருகிறது. சான்ட்ரோ தொடங்கி அங்கிருந்து வெளிவந்த பெட்ரோல், டீசல் கார்களில் எஞ்சின் முன்பக்கம், பானட்டுக்கு அடியில் இருக்கிறது. அதே ஊரில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.717 கிலோமீட்டர் பந்தயத் தடமும் உள்ளது. அந்தத் தடத்தில் ஓடும் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களில் எஞ்சினைத் தேடினால் ஓட்டுநரின் முதுகுக்கும் பின் அச்சுக்கும் நடுவே கிடைக்கும். இந்த அமைப்பைத்தான் நடு எஞ்சின் என்கிறோம். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில்போல அச்சுக்கும் பின்னால் எஞ்சின் தொங்குவது வேறு அமைப்பு.

ஒரே ஊரில் இரண்டு விடைகள். வீட்டுக் காருக்கு முன் எஞ்சின் ஏன் என்பதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை: பின் இருக்கை வேண்டும், டிக்கி வேண்டும். பந்தயக் காரில் எஞ்சின் பின்னால் போனது ஏன், அதற்கு இத்தனை காலம் ஏன் பிடித்தது என்பதில்தான் கருத்து வேறுபாடு. இந்தக் கட்டுரை நான்கு விளக்கங்களை எடுத்துக்கொள்கிறது. அவற்றை உரசிப் பார்க்க நீண்ட நேரப் பந்தயம், குறிப்பாக 24 மணி நேர லெ மான், நல்ல உரைகல். ஒரு சுற்று வேகமாக ஓடுவது மட்டும் அங்கே போதாது. விடிய விடிய ஓட வேண்டும். தமிழ்நாட்டுப் பந்தய வரலாறும் ஓர் உரைகல்தான், இதுவரை பெரிதாகக் கவனிக்கப்படாத உரைகல்.

கேள்வி வந்த வழி

யோசனை புதிதல்ல. 1923இல் மோன்சாவில் ஓடிய பென்ஸ் காரில் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்தது. 1934 முதல் 1939 வரை ஆட்டோ யூனியன் கார்கள் அதே அமைப்பில், முதலில் 16 சிலிண்டர்களோடும் பின்னர் 12 சிலிண்டர்களோடும், ஐரோப்பாவின் பெரிய பந்தயங்களை வென்றன. ஆனாலும் போருக்குப் பின் உலகம் முன் எஞ்சினுக்கே திரும்பியது. 1958இல் அர்ஜென்டினாவில் ஸ்டெர்லிங் மாஸ், எஞ்சின் பின்னால் இருந்த சிறிய கூப்பர் காரில் வென்றார். 1959, 1960 இரண்டு ஆண்டும் ஜாக் பிராபம் கூப்பரிலேயே உலகச் சாம்பியன் ஆனார். அதோடு ஃபார்முலா ஒன்னில் வழக்கு முடிந்தது.

லெ மான் இன்னும் கொஞ்சம் தயங்கியது. அங்கே முன் எஞ்சின் கார் கடைசியாக வென்றது 1962இல், ஒரு ஃபெராரி. மறுஆண்டே ஃபெராரி 250 பி நடு எஞ்சினோடு வந்து வென்றது. அதற்குப் பிறகு அங்கே ஒட்டுமொத்த வெற்றி பெற்ற கார்களில் ஒன்றே ஒன்றுதான் விலக்கு: 1979இல் வென்ற போர்ஷே 935. அதிலும் எஞ்சின் முன்னால் இல்லை, அச்சுக்கும் பின்னால் இருந்தது. இந்த விலக்கு பிறகு தேவைப்படும்.

எடைதான் காரணம் என்போர்

பெரும்பாலான பாடநூல்கள் சொல்லும் விளக்கம் இது. காரில் கனமான பொருள்கள் எஞ்சின், கியர்பாக்ஸ், எரிபொருள், ஓட்டுநர். இவை காரின் நடுவில் குவிந்திருந்தால் வளைவில் கார் சட்டென்று திரும்பும். காவடித் தண்டின் இரு முனையிலும் குடம் தொங்கினால் திரும்புவதும் கடினம், திரும்பியபின் நிற்பதும் கடினம்; அதே பாரத்தைத் தோளோடு சேர்த்துச் சுமந்தால் அந்தச் சிக்கல் இல்லை. இதோடு, தள்ளும் சக்கரங்களின் மேல் எடை கூடுவதால் வளைவிலிருந்து வெளியேறும்போது டயர் வழுக்காமல் தரையைப் பிடிக்கும். பிரேக் அடிக்கும்போது எடை முன்னே சாயும். பின்புறம் கனமான காரில் நான்கு சக்கரங்களும் பிரேக் வேலையை ஓரளவு சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும்.

இயற்பியல் சரியானது. வரலாற்றுக்கு அது மட்டும் போதுமா என்பதே சந்தேகம். சட்டென்று திரும்பும் கார் சட்டென்று சுழலவும் செய்யும். ஆட்டோ யூனியனில் ஓட்டுநர் முன் சக்கரங்களுக்கு மிக அருகே உட்கார்ந்திருந்தார். பின்பகுதி விலகுவது அவருக்குத் தாமதமாகவே தெரிந்தது. பின் சக்கரங்களின் ஊசல் அச்சு அமைப்பு அதை இன்னும் மோசமாக்கியது. பெர்ண்ட் ரோஸ்மையர் போன்ற சிலர்தான் அதை அடக்கி ஓட்டினார்கள். ஆக, எடையின் ஆதாயம் 1934லேயே கையில் இருந்தது. அதைப் பயன்படுத்தும் சஸ்பென்ஷனும் டயரும்தான் இல்லை. மறுபுறம், எடைப் பங்கீட்டில் நடு எஞ்சினைவிடத் தாழ்ந்த போர்ஷே 935 லெ மானையே வென்றது. எடை முக்கியம்தான், அது ஒன்றே தீர்மானித்தது என்று சொல்ல இந்த இரண்டு சான்றுகளும் இடம்தரவில்லை.

காற்றுதான் காரணம் என்போர்

இரண்டாவது விளக்கம் காரின் உயரத்திலிருந்து தொடங்குகிறது. முன் எஞ்சின் காரில் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஓட்டுநருக்கு அடியிலோ பக்கத்திலோ ஓடிப் பின் அச்சைச் சேர வேண்டும். ஷாஃப்ட்டை எடுத்துவிட்டால் இருக்கை தரையை ஒட்டி இறங்கும், மூக்கு தாழும், காற்றை எதிர்க்கும் முகப்பு சுருங்கும். ஃபோர்டு ஜிடி40 என்ற பெயரிலுள்ள 40, அதன் உயரமான 40 அங்குலத்தைக் குறிக்கிறது. லெ மானில் அன்று ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நேர்பாதை. அங்கே இந்தச் சுருக்கம் நேரடியாக வேகமாக மாறும்.

எதிர்வாதமும் வலுவானது. 1955 முதல் 1957 வரை தொடர்ந்து மூன்று முறை லெ மானை வென்ற ஜாகுவார் டி-டைப் முன் எஞ்சின் கார். காற்றை வழுக்கிச் செல்வதில் அன்று அதற்கு இணை அரிது. எஞ்சினைச் சற்றுச் சாய்த்துப் பொருத்தி, ஆயில் தொட்டியைத் தனியே பிரித்து, மூக்கைத் தாழ்த்தினார்கள். முன் எஞ்சினாலும் தாழ்வாக இருக்க முடிந்தது.

அதைவிட, தாழ்ந்த உடல் தானாகவே நல்ல உடல் ஆகிவிடாது என்பதைப் போர்ஷே 917 காட்டியது. அந்தக் காரைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1969 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமானது. விதி 25 கார்கள் கேட்டது. ஏப்ரலில் 25ஐயும் ஆலை முற்றத்தில் வரிசையாக நிறுத்திக் காட்டினார்கள். ஹான்ஸ் மெட்ஸ்கர் வடிவமைத்த எஞ்சினில் 12 சிலிண்டர்கள், பக்கத்துக்கு ஆறாகப் படுக்கைவாட்டில், காற்றாலேயே குளிர்ந்தன. மேலே படுத்த நிலையில் ஒரு பெரிய விசிறி. கிராங்க் ஷாஃப்ட் அவ்வளவு நீளமாக இருந்ததால், முனையிலிருந்து சக்தியை எடுத்தால் முறுக்கு அதிர்வு தாங்காது என்று நடுவிலிருந்தே பற்சக்கரம் வைத்து எடுத்தார்கள். சட்டகம் அலுமினியக் குழாய்களால் ஆனது. குழாய்களுக்குள் அழுத்தமேற்றிய வாயுவை அடைத்திருந்தார்கள். அழுத்தமானி இறங்கினால் எங்கோ வெடிப்பு விழுந்திருக்கிறது என்று பொருள். ஓட்டுநரின் பாதங்கள் முன் அச்சுக்கும் முன்னால் நீண்டிருந்தன.

இவ்வளவு நுட்பமும் சேர்ந்த அந்தக் கார் வேகத்தில் நேராக ஓட மறுத்தது. அந்த ஆண்டு லெ மானின் முதல் சுற்றிலேயே 917 ஓட்டிய ஜான் வூல்ஃப் இறந்தார். அக்டோபரில் ஆஸ்திரியாவின் செல்ட்வெக் தடத்தில் சோதனை நடந்தது. ஓடி வந்த காரின் உடலில் செத்து ஒட்டியிருந்த பூச்சிகளைப் பொறியாளர் ஜான் ஹார்ஸ்மன் கவனித்தார். முன்பக்கம் எங்கும் பூச்சி; பின் வாலின் மேல் ஒன்றுகூட இல்லை. காற்று அங்கே உடலைத் தொடவே இல்லை என்பது அதன் பொருள். அங்கேயே அலுமினியத் தகட்டை வெட்டி, வாலைக் குறுக்கி மேலே தூக்கிக் கட்டினார்கள். கார் அடங்கியது. அந்தக் குட்டை வால் வடிவமே 1970இல் போர்ஷேவுக்கு லெ மானின் முதல் ஒட்டுமொத்த வெற்றியைத் தந்தது; 1971இல் அது 24 மணி நேரத்தில் ஓடிய 5,335 கிலோமீட்டர் சாதனை 2010 வரை நின்றது.

எஞ்சின் இருந்த இடம் மாறவில்லை. மாறியது வால்தான். நடு எஞ்சின் நல்ல உடலுக்கு இடம் தருகிறது. நல்ல உடலைத் தானே தருவதில்லை.

விதிமுறைதான் காரணம் என்போர்

மூன்றாவது தரப்பு பொறியியலைவிட விதிப்புத்தகத்தை நம்புகிறது. எந்த அளவு எஞ்சின், எத்தனை கார், எவ்வளவு எடை என்பதை முடிவுசெய்பவர்கள் எந்த அமைப்பு வெல்லும் என்பதையும் பாதி முடிவுசெய்துவிடுகிறார்கள் என்பது இவர்கள் வாதம். 1961இல் ஃபார்முலா ஒன் எஞ்சின் 1.5 லிட்டராகச் சுருங்கியது சிறிய காருக்குச் சாதகமாயிற்று. 917 பிறந்ததே 25 கார் விதியால்தான்.

இந்தத் தரப்புக்கு ஒரு நவீனச் சான்றும் உண்டு. 2015 லெ மானுக்கு நிசான் மூன்று கார்களைக் கொண்டுவந்தது: எஞ்சினும் முன்னால், இழுவையும் முன் சக்கரத்தில். அன்றைய விதி காரின் முன்பகுதியில் காற்றோட்ட வடிவமைப்புக்குக் கூடுதல் சுதந்திரம் தந்தது என்பதே கணக்கு. மூன்றில் ஒன்றுகூட முடிவுப் பட்டியலில் தரம் பெறவில்லை. ஆனால் அந்தக் காரின் ஹைப்ரிட் அமைப்பு சரியாக வேலை செய்யவில்லை. வளர்க்கப் போதிய காலமும் தரப்படவில்லை. முன் எஞ்சின் தோற்றதா, அரைகுறைக் கார் தோற்றதா என்று அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. விதி விளக்கத்தின் பெரிய குறை வேறு: நாட்டுக்கு நாடு, பந்தயத்துக்குப் பந்தயம் விதி வேறுபட்டபோதும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே பத்தாண்டில் எஞ்சின் பின்னால் போனது ஏன் என்று அது சொல்வதில்லை.

கியர்பாக்ஸ் என்ற பின்னணிக் காரணம்

நான்காவது விளக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. என் கணிப்பில், எஞ்சின் ஏன் இத்தனை தாமதமாகப் பின்னால் போனது என்பதை இதுவே மற்றவற்றைவிட நன்றாகச் சொல்கிறது. எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைப்பது சுலபம். அங்கிருந்து சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோவதே கடினம். கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்க வேண்டும். அந்தக் கூடு சிறியதாக, இலேசாக, உறுதியாக இருக்க வேண்டும். அப்படியொன்று கடையில் கிடைக்காதவரை சிறிய பட்டறைக்காரனுக்கு நடு எஞ்சின் கனவுதான்.

கூப்பரின் கதையை இந்தக் கண்ணோடு படித்தால் வேறு மாதிரி தெரிகிறது. 1946இல் தந்தை சார்லஸும் மகன் ஜானும் கட்டிய முதல் 500 சி.சி. காரில் மோட்டார்சைக்கிள் எஞ்சினைப் பின்னால் வைத்தார்கள். மோட்டார்சைக்கிள் எஞ்சின் சங்கிலியால் சக்கரத்தைச் சுற்றுவது. பின் அச்சுக்கு அருகே இருந்தால்தான் சங்கிலி குட்டையாகும். பெரிய தத்துவம் எதுவும் அதில் தெரியவில்லை. 1950களில் பெரிய எஞ்சினுக்குப் போனபோது, பிரான்சின் சித்ரோயன் டிராக்ஷன் அவான் காரின் கியர்பாக்ஸை எடுத்துத் திருப்பிப் பொருத்தினார்கள். அது முன் சக்கர இழுவைக் கார். கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஏற்கெனவே ஒன்றாக இருந்தன. பிறகு மைக் ஹியூலண்ட், பீட்டில் காரின் கியர்பாக்ஸ் கூட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே புதிய பற்சக்கரங்களைப் போட்டு விற்கத் தொடங்கினார். கவிழ்த்ததற்குக் காரணம் உண்டு: பீட்டிலில் எஞ்சின் பின்னால், கியர்பாக்ஸ் முன்னால், அதை அப்படியே முன்பின்னாகத் திருப்பினால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். கவிழ்த்தால் திசை நேராகிவிடும். அதன்பின் பிரிட்டனில் கொட்டகைப் பட்டறையிலும் நடு எஞ்சின் பந்தயக் கார் கட்ட முடிந்தது.

பணபலம் உள்ளவர்களும் இதே இடத்தில்தான் இடறினார்கள். 1964 லெ மானில் ஓடிய மூன்று ஃபோர்டு ஜிடி40களில் ஒன்று தீப்பற்றியது; மற்ற இரண்டும் கியர்பாக்ஸால் நின்றன. இத்தாலிய கொலோட்டி கியர்பாக்ஸைக் கைவிட்டு, ஜெர்மனியின் இசட்.எஃப். கியர்பாக்ஸுக்கும், 7 லிட்டர் காரில் சொந்தமாகச் செய்த கியர்பாக்ஸுக்கும் போன பிறகே 1966 முதல் 1969 வரை நான்கு தொடர் வெற்றிகள் வந்தன. வேறு மாற்றங்களும் பல நடந்தன. ஆனால் 24 மணி நேரம் ஓடி முடிக்க முடிந்ததில் கியர்பாக்ஸுக்குக் கணிசமான பங்கு உண்டு.

பந்தயத்துக்கு வெளியே, ஆவடியில் செய்த டாங்குகளிலும் இதே சிக்கலின் வேறு முகம் தெரிகிறது. அமெரிக்க ஷெர்மன் டாங்கில் எஞ்சின் பின்னால், கியர்பாக்ஸ் முன்னால். நடுவே ஓடிய ஷாஃப்ட் டாங்கின் உயரத்தைக் கூட்டியது. ஆவடி கனரக வாகன ஆலையிலிருந்து 1965 முதல் வந்த விஜயந்தாவில் இரண்டும் பின்னாலேயே சேர்ந்துவிட்டன. ஆவடி ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த அர்ஜுனிலும் அப்படியே. ஆனால் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஜெர்மனியிலிருந்து வர வேண்டியிருந்தது. கவசத்தை இங்கே வளர்க்க முடிந்த நாட்டுக்கும் இந்த இரண்டும் கடைசிவரை கடினமாகவே இருந்தன.

கியர்பாக்ஸ் விளக்கத்துக்கும் ஓட்டை உண்டு. ஆட்டோ யூனியன் 1934லேயே தனக்கான கியர்பாக்ஸைத் தானே செய்துகொண்டது. ஆகவே கியர்பாக்ஸ் இல்லாமைதான் தடை என்று முழுதாகச் சொல்ல முடியாது. தேவை பிறந்தபின் பொருள் பிறந்தது, பொருள் பிறந்ததால் தேவை பிறக்கவில்லை என்றும் ஒருவர் வாதிடலாம்.

சோழவரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு

இந்த நான்கு விளக்கங்களையும் தமிழ்நாட்டில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகிறது? 1950களிலிருந்து சென்னைப் பந்தயங்கள் நடந்தது வடக்கே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில். இந்தியாவில் அன்று கிடைத்த அம்பாசடர், ஃபியட் 1100, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மூன்றிலும் எஞ்சின் முன்னால், ஷாஃப்ட் நடுவில், டிஃபரன்ஷியல் பின்னால். எடை பற்றியோ காற்று பற்றியோ சென்னைக்காரர்களுக்குத் தெரியாமல் இல்லை. வெளிநாட்டு நடு எஞ்சின் கார்களும் சோழவரத்துக்கு வந்தன. 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரையே அங்கே ஓட்டினார். கண்ணெதிரே ஓடிய அந்த அமைப்பை உள்ளூர் உதிரிகளால் கட்டுவதற்கு ஏற்ற கியர்பாக்ஸ்தான் சந்தையில் இல்லை. இறக்குமதிக் கட்டுப்பாடு அந்த வழியையும் நெருக்கியது.

பாடியில் பிரேக்கும் சக்கரமும் மின்கருவிகளும் செய்யும் பெரிய ஆலைகள் 1960களிலேயே எழுந்தன. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தது. பற்சக்கரம் வெட்டத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் பந்தயக் கியர்பாக்ஸ் தொழில் இங்கே வேரூன்றாததற்குத் திறமைக் குறைவு காரணமாகத் தோன்றவில்லை. ஹியூலண்டைத் தாங்கியது பிரிட்டனில் வாரந்தோறும் பந்தயம் ஓட்டிய பெருங்கூட்டம். சென்னையில் வாங்குவோரை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், முன் சக்கர இழுவை. எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் குறுக்குவாட்டில் ஒரே கட்டாக இருந்தன. 1988இல் கோயம்புத்தூர் எஸ். கரிவர்தன் ஃபார்முலா மாருதியை உருவாக்கினார்: ஒற்றை இருக்கை, ஓட்டுநருக்குப் பின்னால் மாருதி எஞ்சின். இப்படி முன் கட்டைப் பின்னுக்குக் கொண்டுபோகிறவர் கவனிக்க வேண்டியவை சில. திசை மாறாமல் அப்படியே பின்னால் நகர்த்தினால் சக்கரம் சரியான பக்கமே சுற்றும். முன்பு ஸ்டீயரிங்குக்குத் திரும்பிய சக்கர முட்டுகளை இப்போது திரும்பாதபடி கம்பியால் கட்டிவிட வேண்டும். கியர் தடி ஓட்டுநரைத் தாண்டிப் பின்னால் நீள வேண்டும்; அதில் தளர்வு விழுந்தால் கியர் தப்பும். எல்லாமே நல்ல பட்டறையின் கைக்கு எட்டும் வேலைகள். கூப்பர் சித்ரோயனிலிருந்து எடுத்ததை கரிவர்தன் மாருதியிலிருந்து எடுத்தார் என்று சொன்னால் மிகையாகாது.

இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்ததும் அந்தக் காலத்தையொட்டியே. நரேன் கார்த்திகேயன் முதல் பந்தயம் ஓட்டியது ஃபார்முலா மாருதியில், இந்தத் தடத்தில்தான். 1995இல் விமான விபத்தில் கரிவர்தன் இறந்தார். கோவை செட்டிபாளையத்துத் தடம் அவர் பெயரைத் தாங்குகிறது. மாருதி எஞ்சினைப் பின்னால் வைக்கும் அவருடைய வழியை எல்.ஜி.பி. ஃபார்முலா கார்கள் தொடர்ந்தன.

இங்கும் எச்சரிக்கை தேவை. 1988இல் உலகின் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களில் பெரும்பாலானவை நடு எஞ்சின் கார்கள்; பார்த்த வடிவத்தைப் பின்பற்றியதாகவும் அதைக் கொள்ளலாம். எல்லோருக்கும் ஒரே கார், மலிவான உதிரி என்ற நோக்கமே முதன்மையாக இருந்திருக்கலாம். கியர்பாக்ஸ் அதைச் சாத்தியமாக்கியது என்பதே நாம் உறுதியாகச் சொல்லத்தக்கது.

லெ மானுக்கு ஈடான நீண்ட நேரப் பந்தய மரபு இந்தத் தடத்தில் உருவாகவில்லை. ஆனால் சென்னைக்காரரான கருண் சந்தோக் 2012இல் லெ மான் 24 மணிப் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். நடு எஞ்சின் ஹோண்டா காரில் அவர் அணி ஒட்டுமொத்தத்தில் ஆறாவதாக வந்தது. 2022இல் இந்தியன் ரேசிங் லீக்குக்காக இத்தாலிய வுல்ஃப் கார்கள் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தபோது, உருவத்தில் லெ மான் காரை ஒத்த வண்டிகள் இங்கே ஓடின. அவற்றில் இருந்தது ஏப்ரிலியா மோட்டார்சைக்கிள் எஞ்சின்.

இன்னும் முடியாதவை

நான்கு விளக்கங்களையும் தனித்தனியே எடைபோடுவது கடினம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1955க்கும் 1965க்கும் இடையே டயர் அகலமானது, சஸ்பென்ஷன் மாறியது, டிஸ்க் பிரேக் பரவியது, கியர்பாக்ஸ் வந்தது, விதியும் மாறியது. ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்து யாரும் சோதிக்கவில்லை. எடை விளக்கம் திசையைச் சொல்கிறது, கியர்பாக்ஸ் விளக்கம் காலத்தைச் சொல்கிறது என்பது இப்போதைக்கு நியாயமான பங்கீடாகத் தோன்றுகிறது.

வெப்பம் பற்றிய கேள்வி ஒன்றும் எஞ்சியிருக்கிறது. நடு எஞ்சின் காரில் ரேடியேட்டரை மூக்கில் வைத்தால் கொதிநீர்க் குழாய் ஓட்டுநரின் பக்கமாகவே போகும். பக்கவாட்டில் வைத்தால் காற்றுப் போதுமா என்ற சிக்கல். சித்திரை வெயிலில் இருங்காட்டுக்கோட்டையில் பல மணி நேரம் ஓட வேண்டுமென்றால் எந்த அமைப்பு ஓட்டுநரையும் எஞ்சினையும் காப்பாற்றும் என்பதை இங்கேயே சோதித்துத்தான் அறிய முடியும்.

மின்சாரக் கார் கேள்வியையே மாற்றிவிடக்கூடும். மோட்டார் சிறியது, எந்த அச்சோடும் பொருந்தும். கியர்பாக்ஸ் தடை ஏறக்குறைய மறைகிறது. கனமான பொருள் இப்போது பேட்டரி. ஃபார்முலா ஈ கார்களில் அதையும் ஓட்டுநருக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறார்கள், 2023இல் ஹைதராபாத் தெருக்களில் ஓடிய கார்கள் உட்பட. முதல் பார்வையில் இது எடைத் தரப்புக்குச் சாதகம். ஆனால் அங்கே சட்டகமும் பேட்டரியும் எல்லோருக்கும் ஒன்றே என்று விதி வகுத்திருக்கிறது. வேறு இடத்தில் வைத்துப் பார்க்க எந்த அணிக்கும் உரிமை இல்லை. ஐஐடி சென்னையின் ரஃப்தார் போன்ற மாணவர் அணிகளுக்கு அந்த உரிமை ஓரளவு உண்டு. அவர்கள் பேட்டரியை எங்கே வைக்கிறார்கள், ஏன் மாற்றுகிறார்கள் என்பதைத் தொடர்ந்து பதிவுசெய்தால், எடை வாதத்தைக் கியர்பாக்ஸிலிருந்து பிரித்துப் பார்க்கும் முதல் வாய்ப்பு நமக்கு இங்கேயே கிடைக்கும்.